சோப்புக்குப் பெயரும், பெயருக்குக் காவலும்

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஹைதராபாத் நகரில் ஓரிடம் சோதனையிடப்பட்டு, ‘மைசூர் சாண்டல்’ சோப்பு என்ற பெயரால் போலியாகத் தயாரித்து வைத்திருந்த சரக்கு, சுமார் இரண்டு கோடி ரூபா பெறுமானமுள்ளது, கைப்பற்றப்பட்டதாக வெளியான செய்தியை நேயர்கள் பலர் படித்திருப்பார்கள். அந்தச் சோப்பு நமது தென்னாட்டு வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாக வழங்கி வருவது. முதல் ஐரோப்பிய யுத்தத்தின்போது மைசூர்க் காட்டுச் சந்தனக் கட்டை கடல் கடந்து போக வழியின்றித் தேங்கிக் கிடந்த சமயத்தில், மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் அக்கட்டையை இங்கேயே எண்ணெயாக வடிக்கவும், அந்த எண்ணெயைக் கொண்டு சோப்புச் செய்யவும் ஏற்பாடு செய்தார்கள். 1916-ஆம் ஆண்டை அத்தொழிலின் ஆரம்பமாகக் கொள்வது வழக்கம். வாசனைச் சோப்பென்றால் சீமைச் சோப்புத்தான் என்று நம்மவர் நம்பியிருந்த காலத்தில் அவ்விருவரும் ஊன்றிய பெயரை, நூறு வருஷம் கழித்துச் சில பேர் ஒரு காகித உறையில் அச்சடித்துக் காசாக்கப் பார்த்தார்கள்.

அவர்களைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் யாது? அந்தப் பெயர் சட்டப்படி ரிஜிஸ்தர் ஆகியிருந்தது. 2006-ல் புவிசார் குறியீடும் பெற்றிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரரோ கர்நாடக சர்க்காரின் கம்பெனி. வக்கீலுக்கும் குறைவில்லை, போலீஸாரை அழைக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. ஆகவே இவ்விஷயத்தில் நாம் கவலைப்படுவது மைசூர் சோப்பைப் பற்றியன்று. அது தன்னைத்தானே பார்த்துக் கொள்ளும்.

நமது கவலையெல்லாம் வேறொரு வகுப்பாரைப் பற்றியது. சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களில் நமது மாகாணத்தில் குளியல் பொடியும், நலங்கு மாவும், ஆட்டுப்பால் சோப்பும், செம்பருத்தித் தைலமும், ஆவாரம்பூ முகப்பூச்சும் தயாரித்து விற்கும் குடிசைத் தொழில் வெகு வேகமாய்ப் பரவியிருக்கிறது. இதில் பெரும்பாலோர் ஸ்திரீகள். சிலர் சுய உதவிக் குழுக்களில் சேர்ந்தவர்கள். சிலர் வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்து ஒரு சிறு கொட்டகைக்கு வளர்ந்தவர்கள். கைப்பேசி வழியாகப் படம் போட்டு, தபாலில் சரக்கு அனுப்பி, சிங்கப்பூர் வரையில் வாடிக்கை பிடித்திருக்கிறார்கள். சுதேசித் தொழில் என்று முன்னோர் மேடை மேடையாகப் பேசியதை, மேடையேறாமலே நடத்திக் காட்டும் இவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எனினும், இவர்கள் டப்பாவுக்கும் லேபிளுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைக்கூடப் பெயரைக் காப்பதற்குச் செலவிடுவதில்லை. பெயர் கெட்டியான பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். பெயர் கெட்டியான பிறகுதான் திருடன் வருவான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. ஒரு தப்பபிப்பிராயமும் காரணம். அழகுப் பொருள் தயாரிப்பதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்படியும், 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள்கள் விதிகளின்படியும் மாகாண அதிகாரியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் வாங்குகிறார்கள். ‘உத்யம்’ சான்று வாங்குகிறார்கள். சிலர் கம்பெனியாகவே ரிஜிஸ்தர் செய்கிறார்கள். இணையத்தில் அந்தப் பெயரால் விலாசமும் வாங்கி வைக்கிறார்கள். இத்தனை சர்க்கார் முத்திரைகள் விழுந்த பின் அந்தப் பெயர் தமக்கே சொந்தம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இவற்றில் ஒன்றேனும் அந்தப் பெயரை வியாபாரக் குறியாக அவர்களுக்குச் சொந்தமாக்குவதில்லை. லைசென்ஸ் என்பது சரக்கைத் தயாரிக்க அனுமதி, ஜி.எஸ்.டி. என்பது வரி கட்ட எண். கம்பெனிப் பதிவு என்பது கணக்குக் காட்டும் நபருக்குப் பெயர். டப்பாவின் மேலுள்ள பெயர் டிரேட் மார்க் சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டது. அந்தச் சட்டத்தின் புஸ்தகத்தில் ஏறாத பெயர், சுவரில் எழுதின பெயரைப் போன்றது. பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவரிலும் எழுதிக் கொள்வான்.

ரிஜிஸ்தர் ஆகாத பெயருக்குச் சட்டத்தில் கதியே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒருவருடைய சரக்கைத் தன்னுடையதென்று மயக்கி விற்பதைத் தடுக்க நீதிஸ்தலங்கள் பழைய காலமுதல் பரிகாரம் கொடுத்து வந்திருக்கின்றன. இப்போதுள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவும் அந்தப் பரிகாரத்தைக் கைவிடவில்லை. முந்தி உபயோகித்தவருக்கு 34-வது பிரிவும் துணை நிற்கிறது. ஆனால் அந்த வழியில் செல்வோர், தம் பெயர் ஜனங்களிடையே பிரசித்தமானது, எதிரி ஜனங்களை ஏமாற்றுகிறான், அதனால் தமக்கு நஷ்டம் உண்டு என்ற மூன்றையும் சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டும். பத்து வருஷத்து விற்பனைக் கணக்கையும், விளம்பரச் செலவுப் பட்டியையும் கோர்ட்டில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். நோட்டுப் புஸ்தகத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒரு அம்மாள் இதற்கு எங்கே போவார்? ரிஜிஸ்தர் சான்று கையிலிருந்தால், அதுவே அந்தக் குறி செல்லுபடியாகும் என்பதற்கு முதல் சாட்சியாகும். எதிரி அதை மறுத்து நிரூபிக்க வேண்டும். மற்றொரு சௌகரியமும் உண்டு. ரிஜிஸ்தர் ஆன குறியை மீறியவன் மீது, குறிக்குச் சொந்தக்காரர் தாம் வசித்துத் தொழில் நடத்தும் ஜில்லாவின் கோர்ட்டிலேயே வழக்குத் தொடரலாமென்று 134-வது பிரிவு கூறுகிறது. டில்லியில் உட்கார்ந்து பெயரைத் திருடியவனை ஈரோட்டுக்கு இழுத்து வரலாம். ரிஜிஸ்தர் ஆகாத குறிக்கு இந்தச் சலுகை கிடையாது.

இங்கிலாந்தில் டிரேட் மார்க்குகளை ரிஜிஸ்தர் செய்யும் சட்டம் 1875-லேயே ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1940-ல் நிறைவேறி, 1942 ஜூன் மாதத்தில்தான் அமுலுக்கு வந்தது. இடைப்பட்ட அறுபத்தைந்து வருஷம் சீமைக் கம்பெனிகள் தங்கள் நாட்டில் காவல் தேடிய பெயர்களோடு நமது கடைத்தெருவை நிரப்பின; நம்மவர் சொந்தப் பெயருக்குக் காவல் தேட ஒரு புஸ்தகமும் இங்கே திறக்கப்படவில்லை. அந்தப் பழைய குறை தீர்ந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. 1958-லும் 1999-லும் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இப்போது கதவு திறந்திருக்கிறது. உள்ளே நுழைவோர்தான் குறைவு.

பெயர் வைப்பதிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. இவ்விஷயத்தில் நம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சரக்கு இன்னதென்று பெயரிலேயே தெரிய வேண்டுமென்று ‘சுத்த மஞ்சள்’, ‘இயற்கை மூலிகை’, ‘அழகு முகம்’ என்றெல்லாம் வைக்கிறார்கள். விற்பதற்கு அது சுலபம். காப்பதற்கு வெகு கஷ்டம். சரக்கின் வகையையோ குணத்தையோ மட்டும் சொல்லும் வார்த்தையை 9-வது பிரிவு ரிஜிஸ்தர் செய்ய இடம் கொடுப்பதில்லை. நெடுங்காலம் வழங்கி அந்த வார்த்தை ஒருவரையே குறிக்கும்படி ஆகியிருந்தால்தான் விலக்கு. இது நியாயமே. கஸ்தூரி மஞ்சளை ஒருவர் தமது பெயரென்று எழுதி வாங்கிக் கொண்டால் மற்ற வியாபாரிகள் தங்கள் மஞ்சளை என்னவென்று சொல்லி விற்பது?

பெரிய கம்பெனிகளும் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பு 1975 முதல் இந்நாட்டில் விற்கப்பட்டு வந்தது. வெளுத்த தோலே அழகென்று நமது பெண்களின் மனத்தில் ஒரு தாழ்வை விதைத்து அதைக் காசாக்கிய அப்பெயரைப் பற்றி நமது அபிப்பிராயம் நல்லதன்று. ஊரார் கண்டனத்தின்பேரில் 2020-ல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியார் ‘ஃபேர்’ என்பதை நீக்கி, ‘குளோ அண்ட் லவ்லி’ என்றும், ஆடவருக்கு ‘குளோ அண்ட் ஹாண்ட்ஸம்’ என்றும் பெயர் மாற்றினார்கள். உடனே, 2005 முதல் ‘ஃபேர் அண்ட் ஹாண்ட்ஸம்’ விற்று வந்த இமாமி கம்பெனியார், அந்தப் புதுப் பெயர் எங்களுடையது என்று கிளம்பினார்கள். பம்பாயில் ஒரு வழக்கு, கல்கத்தாவில் ஒரு வழக்கு. 2024 ஏப்ரலில் கல்கத்தா ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர், லீவர் கம்பெனியார் ‘குளோ அண்ட் ஹாண்ட்ஸம்’ என்ற பெயரை உபயோகிக்கக் கூடாதென்று தடை விதித்தார். அதிலும் கவனிக்க வேண்டியது, ரிஜிஸ்தர் உரிமையை மீறியதற்காகவன்று, சரக்கை மயக்கி விற்றலாகுமென்ற காரணத்துக்காகத் தடை கிடைத்தது. ஆக, இரண்டு பெரிய கம்பெனிகள் ‘ஒளி’, ‘அழகு’ என்று அகராதியில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும் வார்த்தைகளுக்காக நான்கு வருஷம் மல்லாடியிருக்கின்றன. அவர்களுக்குப் பணம் உண்டு, மல்லாடலாம். நூறு டப்பா விற்றுப் பத்து டப்பா லாபம் பார்ப்பவர் பொதுச் சொல்லில் பெயர் வைத்துவிட்டு மல்லாட முடியுமா?

இதற்கு நேர்மாறான உதாரணங்களும் உண்டு. 1952-ல் டாட்டா கம்பெனியார் ஆரம்பித்த ‘லாக்மே’ என்ற பெயர், லக்ஷ்மி என்ற நமது பெயர் பிரெஞ்சு நாடகக்காரர் வாயில் திரிந்த உருவம். களிம்பைப் பற்றியோ பௌடரைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. ஆகவேதான் அதற்கு வலிமை. ‘லைக் மீ’ என்ற பெயரால் ஒருவர் அழகுப் பொருள் விற்க முற்பட்டபோது, 1996-ல் டில்லி ஹைக்கோர்ட்டு இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்று தடை செய்தது. எழுத்து வேறு, பொருள் வேறு. ஆனால் கடையில் நின்று வாயால் கேட்பவருக்கு வித்தியாசம் ஏது? நம்மூர் உதாரணம் ஒன்றும் சொல்லலாம். கடலூர்க்காரரான ஸ்ரீ சி. கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபா முதலில் தனியாகத் தொழில் தொடங்கியபோது, தமது ஷாம்புவுக்குத் தம் தந்தை சின்னி கிருஷ்ணன் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துச் ‘சிக்’ என்று வைத்தார். குடும்பத்தார் நடத்தி வந்த ‘வெல்வெட்’ என்ற பிரசித்தமான பெயர் சகோதரர்களிடம் இருந்தது. புதிதாகப் புனைந்த அந்தப் பெயர் பிற்பாடு நாடெங்கும் பரவியதை யாவரும் அறிவர். கூந்தலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத பெயர்தான் அது.

தெய்வங்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்தியினால் செய்வது என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் ஊதுவத்தி, வாசனைப் பொருள்களுக்கு ‘ராமாயண்’ என்ற பெயரை ரிஜிஸ்தர் செய்யக் கேட்ட ஒரு வழக்கில், புண்ணிய கிரந்தத்தின் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 2015-ல் தீர்ப்பளித்தார்கள். முருகனும் மீனாட்சியும் எல்லோருக்கும் பொது. நாளைக்கு எதிர்த்த கடையிலும் அதே முருகன் எழுந்தருளினால், நாம் யார் மீது வழக்குத் தொடர்வது?

இனி, ரிஜிஸ்தர் செய்யும் முறை. பிரம்ம வித்தையொன்றும் அன்று. டிரேட் மார்க் ரிஜிஸ்திரிக்குப் பம்பாய் தலைமை அலுவலகம்; சென்னை, டில்லி, கல்கத்தா, அகமதாபாத்தில் கிளைகள். நமக்குரிய அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. முதலில், அதே பெயரையோ, அதைப்போல் ஒலிக்கும் பெயரையோ வேறெவரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று ரிஜிஸ்திரியின் இணையப் பக்கத்தில் தேட வேண்டும், இதற்குக் கட்டணமில்லை. லேபிள் அச்சடிக்கும் முன் செய்ய வேண்டிய இந்தத் தேடலை, அச்சடித்த பின் செய்து அழுதவர்கள் அநேகர். சரக்குகளும் சேவைகளும் சேர்ந்து நாற்பத்தைந்து வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சோப்பு, தைலம், களிம்பு, அத்தர், பற்பசை, ஊதுவத்தி எல்லாம் மூன்றாம் வகுப்பு. மருந்தென்று சொல்லி விற்பது ஐந்தாம் வகுப்பு. பருவுக்கு மருந்தாகவும் முகத்துக்கு அழகாகவும் ஒரே களிம்பை விற்பவர், இரண்டு வகுப்பிலும் கேட்டு வைப்பது உசிதம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் வகுப்பொன்றுக்கு இணைய வழியில் 4,500 ரூபா. மற்றவர்களுக்கு 9,000 ரூபா. மனுவைப் பரிசீலித்து ரிஜிஸ்திரி கேள்வி கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் விட்டு மனுவையே இழந்தவர்கள் உண்டு. ஆகையால் மனுவில் கொடுக்கும் மின்னஞ்சல் விலாசம், தரகருடையதாக மட்டும் இல்லாமல், தினமும் தாம் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். ஏற்றுக் கொண்ட குறி டிரேட் மார்க் ஜர்னலில் பிரசுரமாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிடில் ரிஜிஸ்தர் ஆகிவிடும். உரிமை மனுச் செய்த தேதியிலிருந்து பத்து வருஷம். பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக் கொண்டே போகலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தை ரிஜிஸ்தர் ஆகுமுன் போட்டுக் கொள்வது சட்ட விரோதம், அதுவரையில் ‘டி.எம்.’ என்று போடலாம்.

மனு யார் பெயரில் போகிறது என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும். அச்சகக்காரர் எழுதித் தருகிறார், விநியோகஸ்தர் பார்த்துக் கொள்கிறார் என்று விட்டுவிட்டால், சில சமயம் பெயர் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. மாமியார் பொடி இடித்து, மருமகள் விற்று, மகன் பெயரில் மனுப் போட்டுப் பிற்பாடு பாகம் பிரியும்போது வரும் சச்சரவு தனிக் கதை. பெயரோடு லேபிளின் உருவத்தையும் வர்ணத்தையும் கவனிக்க வேண்டும். 2003-ல் கோல்கேட் கம்பெனியார் ஆங்கர் கம்பெனியார் மீது தொடர்ந்த வழக்கில், பெயர் வேறாக இருந்தும், பற்பொடி டப்பாவின் சிவப்பு வெள்ளைச் சேர்க்கையைக் காப்பியடிப்பதைக்கூட டில்லி ஹைக்கோர்ட்டு தடுத்தது. எழுத்து வாசனை இல்லாதவர் நிறத்தைப் பார்த்தே டப்பாவை எடுக்கிறார் என்பதை அந்தத் தீர்ப்பு மனத்தில் கொண்டது.

ரிஜிஸ்தர் செய்துவிட்டுத் தூங்கவும் கூடாது. ‘அமிர்ததாரா’ என்ற மருந்தின் பெயர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கமுதல் பிரசித்தம். ‘லக்ஷ்மண்தாரா’ என்றொரு மருந்து 1923 முதல் விற்கப்பட்டு வந்தது. வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1962-ல் தீர்ப்பாயிற்று. இரண்டு பெயரும் சாதாரண ஜனங்களை மயக்கக்கூடிய அளவுக்கு ஒத்திருக்கின்றன என்றே நீதிபதிகள் கண்டார்கள். ஆயினும் முன்னவர் நெடுங்காலம் பார்த்துக் கொண்டு வாளாவிருந்ததனால், பின்னவருக்கு ஐக்கிய மாகாணமாக இருந்த உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் ரிஜிஸ்தர் செய்யும் உரிமை கிடைத்தது. இன்றைய சட்டத்தில், பின்னால் ரிஜிஸ்தர் ஆன ஒரு குறி வழங்குவதைத் தெரிந்தும் ஐந்து வருஷம் தொடர்ந்து பேசாதிருந்தவர், பிற்பாடு அதை ஆட்சேபிக்க முடியாது. ஐந்து வருஷம் தாமே உபயோகிக்காமல் விட்ட குறியையும் பிறர் மனுச் செய்து நீக்கலாம். கடல் கடந்து விற்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: இங்கே ரிஜிஸ்தர் ஆன குறிக்குச் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ காவல் கிடையாது. இந்தியா 2013-ல் மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், இங்கிருந்தபடியே ஒரு மனுவில் அந்நாடுகளிலும் கேட்கலாம்.

இவ்வளவும் வியாபாரியின் லாப நஷ்டத்தைப் பற்றியது மட்டுமென்று நினைப்பவர், 2023-ல் கேரளத்து மலப்புரம் ஜில்லாவில் வைத்தியர்கள் கண்டதைக் கவனிக்க வேண்டும். பாதரசம் கலந்த முகவெளுப்புக் களிம்புகளைப் பூசிக் கொண்ட பலருக்குச் சிறுநீரக நோய் கண்டது. மேனியில் பூசுவது மேனியோடு நிற்பதில்லை. இன்ன களிம்பு இன்னார் செய்தது என்பதற்கு டப்பாவின் மேலுள்ள பெயரையன்றி வேறு சாட்சி வாங்குபவர் கையில் இல்லை. நல்ல சரக்குக்காரர் பெயரில் விஷச் சரக்கு விற்கப்படுமானால், நோய் ஒருவருக்கும் பழி இன்னொருவருக்கும் சேரும். பல வருஷம் உழைத்துச் சம்பாதித்த பெயர் ஒரு கெட்ட டப்பாவினால் அழிந்து போகும்; தாம் செய்ததல்லவென்று அந்த ஏழைத் தயாரிப்பாளர் எந்த வீட்டு வாசலில் போய்ச் சொல்லுவார்?

மறுபக்கத்தையும் பேசாமல் விட நமக்கு மனமில்லை. டிரேட் மார்க் சட்டம் எளியவருக்குக் கேடயமாவது போலவே வலியவருக்குத் தடியாகவும் ஆகக்கூடும். ஒரு பெரிய கம்பெனி, தன் குறியில் ஏதோ ஒரு பூவின் பெயரோ வேரின் பெயரோ இருக்கிறதென்று சொல்லி, அதே மூலிகையை விற்கும் சிறு வியாபாரிக்கு வக்கீல் நோட்டீஸ் விடுவதும், அவர் பயந்து போய்ச் சரக்கையே நிறுத்திவிடுவதும் நடக்கக் கூடியதே. அப்படி நோட்டீஸ் பெற்றவர்கள் உடனே பணிய வேண்டியதில்லை. சரக்கின் குணத்தை உண்மையாக எடுத்துச் சொல்லும் வார்த்தையை யாரும் உபயோகிக்கலாமென்று 30-வது, 35-வது பிரிவுகள் காவல் தருகின்றன. ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீதே வழக்குத் தொடர 142-வது பிரிவில் இடமுண்டு. ‘குங்குமாதி’ என்பதும் ‘நலங்கு’ என்பதும் நமது பாட்டிமாருடைய சொத்து. அவற்றை எந்தக் கம்பெனிக்கும் பட்டா எழுதித் தர முடியாது.

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன? ஒரு காரியத்தை முதலில் சொல்கிறோம். இன்றைய விதிகளின்படி டிரேட் மார்க் மனுவும் தஸ்தாவேஜுகளும் ஆங்கிலத்தில் அல்லது ஹிந்தியில் இருக்க வேண்டும். தமிழிலே பெயர் வைத்து, தமிழ் எழுத்திலே லேபிள் அடித்து, தமிழர்க்கே சரக்கு விற்கும் ஒரு தமிழ்ப் பெண், தன் பெயரை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பொருளையும் மொழிபெயர்த்து இணைத்துத்தான் சென்னையிலேயே மனுக் கொடுக்க வேண்டும்! ஹிந்தி பேசுவோருக்குத் தாய்மொழியில் மனுக் கொடுக்கும் வசதி உண்டென்றால், தமிழருக்கு ஏன் இல்லை? இதன் பலன் என்னவென்றால், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயில் முடிய வேண்டிய காரியத்துக்குத் தரகருக்கும் ஏஜெண்டுக்கும் மேற்கொண்டு அழ வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சியே பலர் திரும்பிப் போகிறார்கள். அந்த நாலாயிரத்து ஐந்நூறும் ஒரு சுய உதவிக் குழுவுக்கு அற்பத் தொகையன்று. மாதம் முழுவதும் பொடி இடித்துக் கிடைக்கும் லாபம் அவ்வளவு இருந்தால் அவர்கள் பாக்கியசாலிகள். குழுக்களுக்கு இக்கட்டணத்தை மாகாண சர்க்கார் தாமே ஏற்றுக் கொள்வதில் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

மேலும், சட்டத்தில் ‘கூட்டுக் குறி’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு சங்கத்தார் ஒரே குறியை எழுதி வாங்கி, அங்கத்தினர் யாவரும் அதை உபயோகிக்கலாம். யார், எந்த நிபந்தனையின்பேரில் உபயோகிக்கலாம் என்று விதிகளையும் மனுவோடு கொடுக்க வேண்டும். ஜில்லா தோறும் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புகள் இருக்கின்றன. நூறு குழு நூறு பெயருக்கு மனுப் போட்டு அலைவதைவிட, ஜில்லாவுக்கு ஒரு கூட்டுக் குறி வாங்கி, சரக்கின் தரத்தையும் அதன்கீழ் கட்டுப்படுத்தினால், வாங்குபவருக்கும் நம்பிக்கை, விற்பவருக்கும் காவல். மாவட்டத் தொழில் மையத்தார் கடன் மனு வாங்கும் மேஜையிலேயே, பெயர் ரிஜிஸ்தர் ஆயிற்றா என்று ஒரு கேள்வி கேட்கலாம். அழகுப் பொருள் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியும், இந்த லைசென்ஸினால் பெயருக்கு உரிமை ஏற்படாது என்று ஒரு வரியைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். ஒரு வரிதான், காகிதச் செலவு கூட இல்லை.

சென்னை ஹைக்கோர்ட்டார் 2023-ல் இவ்வகை வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு அமைத்திருக்கிறார்கள். 2003 முதல் சென்னையில் தலைமையிடம் கொண்டு நடந்து வந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் எடுக்கப்பட்டுவிட்டபின், வழக்குகள் கோர்ட்டுக்கே திரும்பி வந்ததை ஒட்டிச் செய்த ஏற்பாடு இது, வரவேற்கத் தக்கதே. ஆனால் ஹைக்கோர்ட்டுப் படியேறும்படியான நிலைமை வருவதற்கு முன்னே, கிண்டி அலுவலகத்தின் வாசலில் ஒரு தமிழ்ப் படிவமும், அதை நிரப்ப உதவும் ஒரு குமாஸ்தாவும் இருக்க வேண்டும். மத்திய சர்க்காரின் வர்த்தக இலாகாவுக்கு இது குறித்து நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி விடுப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.